விளம்பரத் திரைக்குப் பின்னால்...

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு

பௌர்ணமி அன்று நம்ம ஊர் தூங்குவதில்லை. அந்த ஒரு ராத்திரி, கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் மனிதத் தலைகள்தான். கார்த்திகை தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். 2668 அடி மலை உச்சியில் தீபம் ஏறும்போது கீழே நிற்கிற கூட்டத்தை எண்ணி முடிப்பவர் யார்? அந்தக் கூட்டத்தின் கண்ணை ஒரு நிமிஷமாவது தன் கடைப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது ஒவ்வொரு வியாபாரியின் ஆசை. நியாயமான ஆசைதான். முன்பு சுவரில் எழுதினார்கள். அப்புறம் தகர போர்டு, ட்யூப்லைட் போர்டு. அதற்கப்புறம் ஃபிளெக்ஸ் வந்து ஊரையே மூடியது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஓர் இளம் பெண் பொறியாளர் மீது பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரியில் அவர் உயிர் போனதே, அதற்குப் பிறகு ஃபிளெக்ஸ் என்றாலே ஒரு தயக்கம் வந்துவிட்டது. இப்போது கொஞ்சம் வசதியான கடையென்றால் வாசலில் ஒரு டி.வி. தொங்குகிறது. அதில் இட்லி ஆவி பறக்கிறது, வெள்ளிக் கொலுசு சுற்றுகிறது, ஏ.சி. ரூம் கதவு திறக்கிறது.

திரை பளபளவென்றுதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்ப்பேன். எங்கே டி.வி. மாட்டியிருந்தாலும் பின்பக்கம் போய்ப் பார்ப்பது என் பழக்கம். (இதனால் ஒரு நகைக்கடையில் என்னைச் சந்தேகமாகப் பார்த்ததும் உண்டு!)

பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். டி.வி.யிலேயே செருகிய ஒரு பென் டிரைவ். அல்லது கைக்கு அடக்கமான ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி. அல்லது எங்கோ ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு சி.பி.யு., அதில் காசு கொடுக்காமல் ஏற்றிய விண்டோஸ்.

பென் டிரைவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு படம் ஓடினால் போதும் என்கிற கடைக்கு அதுவே ராஜா. கரண்ட் போய் வந்தால் ஒருத்தர் ரிமோட்டைத் தேட வேண்டும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு பெட்டியில் வேறு சங்கதி. படங்களை எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் சர்வரிலிருந்து இறக்குகிறவை அதிகம். மாசா மாசம் சந்தா. பணம் கட்டத் தவறினால் நம் கடை போர்டு நமக்கே கிடையாது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. பௌர்ணமி ராத்திரி கிரிவலப் பாதையில் நின்று செல்போனில் ஒரு போட்டோ அனுப்பிப் பாருங்கள்! லட்சக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது நெட் எங்கே வரும்? எந்த ராத்திரிக்காகக் கடைக்காரர் போர்டு வாங்கினாரோ, அந்த ராத்திரிதான் அது "இணைப்பு இல்லை" என்று சொல்லும்.

மூன்றாவது ரகம்தான் என் வயிற்றெரிச்சல். செங்கம் ரோடு பக்கம் ஒரு டிபன் கடை. (பெயர் வேண்டாம்.) நல்ல கூட்ட நேரத்தில் பொங்கல் வடை படத்தின் மூலையில் "விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்" என்று எழுத்து. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க அப்டேட் ஓடியது. இருபது நிமிஷம். ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், உள்ளே யாரும் போகவில்லை. கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, டிப்ளமோ படிக்கிறேன்னு சொல்றியே... இதுக்கு இன்னா பண்றது?"

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்கான பதில்தான்.

அந்தப் பழைய கணினியில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. ஆக, ஓடுகிற கணினியைக் காயலான் கடைக்குப் போடு என்கிறார்கள். ஒரு படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட இவ்வளவு வேண்டுமா?

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? க்ரௌட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டினால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படியே 85 லட்சம் கணினிகள். விமான நிலையங்களில் நேரம் காட்டும் திரைகள் அணைந்தன. நம் நாட்டில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விமானம் புறப்படும் நேரத்தைக் காட்டுகிற ஒரு பலகைக்குள் எத்தனை அடுக்கு மென்பொருள் ஏற்றி வைத்திருந்தோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, லினக்ஸ் போடலாம். எந்த லினக்ஸ்?

இங்கேதான் நம்ம ஹாஸ்டலில் சண்டை ஆரம்பிக்கிறது. "பப்பிதான்டா லைட்டு" என்பான் ஒருவன். "போடா, ஆன்டிஎக்ஸ் முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பான் இன்னொருவன். லுபுண்டு, எக்ஸுபுண்டு, டைனி கோர், ஆல்பைன்... சினிமா ரசிகர் மன்றம் தோற்றது போங்கள்! பப்பி லினக்ஸ் மொத்தமாக ரேமில் ஏறி உட்கார்ந்துகொண்டு பென் டிரைவைக் கழற்றிவிடச் சொல்கிற அழகு எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இந்தச் சண்டையில் எல்லாருமே ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஒப்பிடுவது டெஸ்க்டாப்பை. விளம்பரத் திரைக்கு டெஸ்க்டாப் எதற்கு? அங்கே மவுஸ் இல்லை, கீபோர்டு இல்லை, ஃபைல் திறக்கிறவர் யாருமில்லை. லைட்டான டெஸ்க்டாப் எது என்று தேடுவதைவிட, டெஸ்க்டாப்பே இல்லாமல் விடுவது லைட்.

என் கட்சி இதுதான்: டெபியன். அதுவும் நிறுவும்போது டெஸ்க்டாப் வேண்டுமா என்று கேட்கிற இடத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டுப் போடுகிற வெறும் டெபியன். துவங்கி நின்றதும் அது பிடிக்கிற ரேம் சுமார் நூறு மெகாபைட், கொஞ்சம் முன்பின் இருக்கும். அதன் மேல் எம்பிவி என்கிற ஒரே ஒரு வீடியோ பிளேயர். ஜன்னல், மெனு, ஐகான் எதுவும் இல்லாமல் நேராகத் திரையிலேயே படத்தைப் போடுகிற வித்தை எம்பிவிக்குத் தெரியும். அதை சிஸ்டம்டியிடம் ஒரு சேவையாக ஒப்படைத்து, "செத்தால் திரும்ப எழுப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. சுவிட்சைப் போட்டால் படம். நடுவில் வேறு ஒன்றும் இல்லை.

டெபியன் ஏன் என்றால் காரணம் வேகம் மட்டுமில்லை. உபுண்டு அதிலிருந்து வந்தது. ராஸ்பெர்ரி பையின் ஓ.எஸ். அதிலிருந்து வந்தது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட இருந்ததே, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அதுவும் டெபியன் வீட்டுப் பிள்ளைதான். ஒன்றைக் கற்றால் நாலும் கைக்கு வரும். நாளைக்கு நான் வேலைக்கு ஓசூரோ ஸ்ரீபெரும்புதூரோ போய்விட்டாலும், அந்த அண்ணன் கடைப் பெட்டியை ஜூனியர் பையன் ஒருவன் திறந்து பார்த்தால் புரிய வேண்டாமா? எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைப் போட்டு வைத்துவிட்டுப் போனால், அப்புறம் எனக்கும் அந்தச் சந்தாக் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு எச்சரிக்கை. ரொம்பப் பழைய 32 பிட் கணினி என்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அதில் நிறுவ முடியாது. டெபியன் 12-தான் கடைசி. அரசு மடிக்கணினிகளில் நான் இதுவரை திறந்து பார்த்ததெல்லாம் 64 பிட், பயமில்லை.

அடுத்து, எல்லாரும் லினக்ஸைத் திட்டுகிற இடம். "படம் திக்கித் திக்கி ஓடுது, விண்டோஸ்ல நல்லா ஓடுச்சு." டிபன் கடையிலும் முதலில் இதே புகார் வந்தது. போய்ப் பார்த்தால், அண்ணனின் மச்சான் புது செல்போனில் 4கே அளவில் தோசை சுடுவதைப் படம் பிடித்து அப்படியே கொடுத்திருந்தார். அந்தப் படம் ஹெச்.இ.வி.சி. முறையில் சுருக்கப்பட்டது. பழைய பெட்டியின் கிராபிக்ஸ் சில்லுக்கு அந்த மொழியே தெரியாது. எல்லாக் கணக்கையும் பிராசஸர் போட்டு மூச்சு வாங்குகிறது. அதே படத்தை வீட்டில் ஒரு தடவை 1080 வரி உயரத்துக்குக் குறைத்து எச்.264-ஆக மாற்றிக் கொண்டுபோனேன். பெட்டி குளிர்ந்துவிட்டது! எந்த லினக்ஸ் என்று தேடுகிற நேரத்தில் பாதியை எந்தப் படம் என்று பார்ப்பதில் செலவழித்தால் போதும். ராஸ்பெர்ரி பை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பை 4 வரையில் எச்.264-க்குத் தனி வன்பொருள் உண்டு, பை 5-ல் அதை எடுத்துவிட்டார்கள். பை 5-ன் பிராசஸர் பலமானது, சமாளித்துவிடும். ஆனாலும் விலை கூடினால் எல்லாம் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெறும் படம் ஓடினால் இவ்வளவுதான் வேலை. ஆனால் அண்ணன் விடவில்லை. "காலையில பொங்கல் தீந்துபோச்சுன்னா, தீந்துபோச்சுன்னு போர்டுல காட்டணும் தம்பி. சும்மா வந்து கேட்டுட்டுத் திரும்புறாங்க."

அங்கே ஆரம்பித்தது தமிழ்ப் பிரச்சினை. வெறும் டெபியனில் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுதினால் கட்டம் கட்டமாக வரும். லோகித் தமிழோ நோட்டோ தமிழோ நாமாக ஏற்ற வேண்டும். அதோடு தீரவில்லை. "பொ" என்று எழுதும்போது கம்ப்யூட்டருக்குள் முதலில் "ப" இருக்கிறது, கொம்பும் காலும் பிறகு இருக்கின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்கிறவர் ஒருவர் நடுவில் வேண்டும். பிரவுசர்களில் ஹார்ப்பஸ் என்கிற நிரல் இதைச் செய்கிறது. "ரொம்ப லைட்" என்று பெருமையடிக்கிற சில குட்டி நிரல்களில் அந்த ஆள் கிடையாது. விளைவு? பொங்கலின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோயில் ஊரில், தமிழ்நாட்டுக் கடை வாசலில், தமிழைப் பிய்த்துத் தொங்கவிடுகிற லைட் எனக்கு வேண்டாம். இன்னொரு தலைவலியும் உண்டு. டி.டி.பி. சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த மெனு கார்டை அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடில் மறுபடி அடித்தாக வேண்டும். நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து அடித்தேன். நாற்பத்து மூன்று வகைப் பலகாரம்! அடித்து முடிப்பதற்குள் பசி வந்துவிட்டது.

ஆகவே எழுத்து மாறுகிற கடைக்கு மட்டும் ஒரு பிரவுசர் போடலாம் என்பது என் முடிவு. கேஜ் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது; ஒரே ஒரு செயலியைத் திரை முழுக்க நிறுத்தி, மற்றதற்கு வழிவிடாது. அதற்குள் குரோமியம். பட்டியல் ஒரு சாதாரண வலைப்பக்கம், பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, வெளி நெட் வேண்டாம். கல்லாவில் இருக்கிற அண்ணன் கடை வைஃபை மூலமாகத் தன் போனில் தொட்டால் "பொங்கல் - தீர்ந்தது" என்று மாறும். இதற்கு விலை ரேம். பிரவுசர் ஒன்றே பல நூறு மெகாபைட் தின்னும். 512 மெகாபைட் உள்ள பை ஜீரோ 2 டபிள்யூ-வில் இதை முயல வேண்டாம், 2 ஜி.பி. உள்ள பழைய மடிக்கணினி தாங்கும்.

கரண்டுக்கு வருவோம். நம்ம கடைகளில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்கிறவர் யார்? ஷட்டரை இறக்குகிறபோது மெயினை அணைப்பார்கள், அவ்வளவுதான். அவர்களைத் திருத்துவது நம் வேலையில்லை. அதைத் தாங்குகிற மாதிரி பெட்டியைச் செய்வதுதான் நம் வேலை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்தான் கோப்புகள் கெடும், மெமரி கார்டு என்றால் சீக்கிரம் சாகும். எழுதவே விடாவிட்டால்? சிஸ்டம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டி, தற்காலிகமாக எழுதுவதையெல்லாம் ரேமில் எழுத வைக்கலாம். ராஸ்பெர்ரி பையில் இதற்கென்று அமைப்புப் பட்டியலிலேயே ஒரு தேர்வு உண்டு. பழைய சி.பி.யு. என்றால் பயாஸில் "கரண்ட் வந்ததும் தானே எழு" என்கிற அமைப்பைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தினமும் ஸ்டூல் போட்டு ஏறிப் பட்டன் அழுத்த வேண்டியதுதான். கடிகார பேட்டரியையும் மாற்றுங்கள். அது செத்திருந்தால் நேரம் தப்பி, காலை டிபன் பட்டியல் ராத்திரி ஒன்பது மணிக்கு ஓடும். பை 4 வரை உள்ளவற்றில் அந்தக் கடிகாரமே கிடையாது. தனியாக ஒன்று செருக வேண்டும்.

மின்சாரச் செலவும் கணக்குத்தான். 60 வாட் எடுக்கிற பழைய சி.பி.யு. தினம் 16 மணி நேரம் ஓடினால் மாசம் சுமார் 29 யூனிட். 5 வாட் பை என்றால் இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. திரையை மூடி வைத்த மடிக்கணினி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மூடினாலும் தூங்காதே என்று அதற்கு ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும். அதில் பேட்டரி நல்லபடியாக இருந்தால் யு.பி.எஸ். செலவு மிச்சம். உப்பியிருந்தால் மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். மே மாச வெயிலில் டி.வி.க்குப் பின்னால் அது இருக்க வேண்டிய பொருள் இல்லை. சமையல்கட்டு எண்ணெய்ப் புகை ஃபேனில் பிசுக்காக ஒட்டுவதையும் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை துடைக்க வேண்டும். இதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை!

பாஸ்வேர்டு பற்றி ஒன்று. 2022 ஏப்ரலுக்கு முன் வந்த ராஸ்பெர்ரி பை ஓ.எஸ்.ஸில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டு; உலகத்துக்கே தெரியும். இன்னமும் அந்தப் பழைய கார்டையே காப்பி அடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரிவலப் பாதையில் குடும்பத்தோடு ஜனங்கள் நடக்கிற ராத்திரியில், யாரோ ஒரு விஷமி கடை வைஃபையில் நுழைந்து திரையில் கண்டதைப் போட்டால்? கடைக்காரர் மறுநாள் எந்த முகத்தோடு ஷட்டரைத் திறப்பார்? விளையாட்டு இல்லை நண்பர்களே, அது ஒருவரின் பெயர்.

லினக்ஸ் என்றால் நமக்கு ஏதோ வெளிநாட்டு விஷயம் மாதிரி ஒரு நினைப்பு. அப்படி இல்லை. 2007 வாக்கிலேயே நம் மாநில எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பக்கத்து விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டிகள் நம் அக்கா அண்ணன்மார் வீட்டுப் பரண்களில் எத்தனை கிடக்கின்றன! பேட்டரி போனது, கீபோர்டில் நாலு பட்டன் போனது என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். விளம்பரத் திரைக்குக் கீபோர்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம், மடிக்கணினியின் சொந்தத் திரைகூட வேண்டாம். ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை ஒன்று வேலை செய்தால் போதும்.

"இதுல நமக்கு என்ன லாபம்?" என்று கேட்கிற நண்பனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் இலவசம், நம் உழைப்பு இலவசம் இல்லை. அண்ணனிடம் கூலி வாங்கினேன். என்ன போட்டிருக்கிறேன், கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அது இப்போது கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. சன்னதித் தெருவிலும் தேரடி வீதியிலும் எத்தனை கடை! ஒவ்வொன்றுக்கும் வெளியூர்க் கம்பெனி ஆள்தான் வர வேண்டுமா?

நம் யூனியன் அறையில் பெஞ்சுக்கு அடியில் இரண்டு பழைய கணினிகள் கிடக்கின்றன. கேண்டீன் வாசலில் ஒரு டி.வி. சும்மா தொங்குகிறது. அடுத்த செமஸ்டர் முதல் சனிக்கிழமை மதியம் இரண்டையும் இணைக்கலாம் என்று செயலாளரிடம் பேசியிருக்கிறேன். பஸ் நேரமும் தேர்வு அறிவிப்பும் அதில் ஓடட்டும். எந்தப் பிரிவு மாணவரும் வரலாம். முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் அவசியம் வரவும். ஸ்குரூ டிரைவரும், வீட்டில் சும்மா கிடக்கும் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும் கொண்டு வாருங்கள்.